உடையாத ஊசிகள்

தையல் தொழிற்சாலையில் அவளுக்குச் சங்கு என்று பெயர். ஷிப்டுக்கு ஊதுகிற சங்கைவிட அவள் குரலுக்குத்தான் எல்லோரும் அதிகம் நடுங்கினார்கள். பத்தொன்பது வயதில் நூல் பிசிறு வெட்டுகிற வேலைக்கு வந்தவள், பதினெட்டு வருஷம் திட்டு வாங்கி வாங்கியே மேற்பார்வையாளர் ஆனாள். வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுப்பதுதான் நிர்வாகம் என்று நம்பினாள். பாவம், வேறு எதையும் அவளுக்கு யாரும் காட்டித் தந்ததில்லை.

அவளுடைய வரிசையில் முப்பது எந்திரங்கள். எல்லாவற்றிலும் தைப்பது பச்சைக் குழந்தைகளின் சட்டை. ஊசி உடைந்தால், துணிக்குள் எதுவும் தங்கிவிடாதபடி துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, அட்டையில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. அப்படி வந்து நிற்பவர்களை, "ஊசிக்கே உன் மூஞ்சி பிடிக்கல போலிருக்கு" என்று எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிடுவாள். சுவர்ப் பலகையில், உடைந்த ஊசி: பூஜ்யம். நாலு மாதமாகப் பூஜ்யம். அதற்காக மேனேஜர் கூட்டம் போட்டுக் கைதட்டச் சொன்னார்.

மதியம் இரண்டு மணிக்குத் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, காலையிலருந்து பிள்ளை வீல் வீல்னு கத்திக்கிட்டே இருந்தான். சட்டையக் கழட்டிப் பாத்தா கழுத்துல ரத்தம்க்கா."

"ரத்தமா? எந்தச் சட்டைடி?"

"போன வாரம் உங்க கம்பெனியிலருந்து நீ கொண்டு வந்து குடுத்தியே, அந்த மஞ்சள் சட்டை. கழுத்துப்பட்டிக்குள்ள ஊசி முனை. டாக்டர் பாத்துட்டாரு, பயமில்லன்னாரு. நல்லவேளை, வாயில போட்டுக்கல."

அவள் போனை வைத்தாள். பலகையை நிமிர்ந்து பார்த்தாள். முப்பது எந்திரம், நாலு மாதம், ஒரு ஊசிகூடவா உடையாது? அந்தப் பூஜ்யம் வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தது.

வாசலில் லாரி நின்றிருந்தது. நாலாயிரம் சட்டைகள் பெட்டி பெட்டியாக ஏறிக்கொண்டிருந்தன. மூன்று மணிக்குக் கிளம்பிவிடும். நாலாயிரம் பிஞ்சுக் கழுத்துகள்!

எந்திரங்களை நிறுத்தச் சொன்னாள்.

"எவ ஊசிய உடைச்சு மறைச்சது? மரியாதையாச் சொல்லிடுங்க!"

முப்பது தலைகளும் குனிந்தன. அந்தக் குரலைக் கேட்டபிறகு யாருக்கு வாய் வரும்? கடிகார முள் நகர்ந்தது. அவள் கழுத்துப்பட்டி தைப்பவளின் பக்கத்தில் இருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என் தங்கச்சி பிள்ளை கழுத்துல குத்தியிருக்கு. யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சத்தியமா... எனக்குப் பயமா இருக்குடி."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. கழுத்துப்பட்டிக்காரி சாப்பாட்டுப் பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே புது ஊசிகள்.

"கடையில நாங்களே வாங்கி வச்சுக்கிறோம், மேடம். உங்க முன்னாடி வந்து நிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். போன வாரம் ஒண்ணு உடைஞ்சுது. முனை கிடைக்கல." கையை உயர்த்தினாள்.

பின்னாலிருந்து பட்டன்காரி, "எனக்கு ரெண்டு, மேடம். ரெண்டு கையும் தூக்கணுமா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து ஒரு கை. அதற்கடுத்து இரண்டு. ஒரே ஒரு கைதான் எழும் என்று நினைத்திருந்தவள், எண்ணுவதை விட்டுவிட்டாள். கைகள் எழுந்துகொண்டே இருந்தன.

"என்ன இது, எந்திரமெல்லாம் நின்னுடுச்சு? லாரி கிளம்பணும்!" வாசலில் மேனேஜரின் குரல். அவள் கத்தக் கற்றுக்கொண்டதே அந்தக் குரலிடம்தான்.

அவள் எழுந்தாள்.

"லாரி போகக் கூடாது சார். சட்டைக்குள்ள ஊசி இருக்கு. எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கணும்."

"யாரு பண்ணின வேலை இது?"

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவள் தன் கையைத் தூக்கினாள்.

"ஊசி தானா உடையும் சார். மறைக்க வச்சது நான்."

மேனேஜரின் முகம் கறுத்தது. ஆனால் தூக்கிய கையை அவள் இறக்கவில்லை.