சர்வர் பாய் காத்த காலி இடம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. போனில் சர்புதீன் பாயின் மைத்துனர். "மச்சான் மவுத்தாயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னு இங்க ஆஸ்பத்திரியில சேத்தோம். திருச்சிக்குக் கொண்டு போயிருங்கன்னுட்டாங்க. அங்க போனா ஐசியூல பெட் இல்லைங்கறாங்க. வேற எடத்துக்குக் கொண்டு போற வழியிலயே..." பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

நம் சிமெண்ட் ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் பல வருடங்களாக என் பக்கத்து நாற்காலி அவருடையது. உங்களில் பலருக்கு அவரை 'சர்வர் பாய்' என்றால்தான் தெரியும். எந்த ஹோட்டலில் வேலை என்று வெளியாள் யாராவது கேட்டால், "ரெண்டு தோசை சொல்லட்டுங்களா?" என்பார். கோபக்காரர். தன் கீபோர்டை யாராவது தொட்டால் அன்றைக்கு முழுவதும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். என் சாப்பாட்டு டப்பாவை மட்டும் கேட்காமல் திறப்பார்.

எங்கள் அறைக்குள் வந்திராதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு பெரிய சர்வர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பல கணினிகள்போலப் பிரித்து ஓட்டுகிறோம். அந்தப் பிரிவுகளை விஎம் என்போம். லாரி எடைமேடைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, கேண்டீன் டோக்கனுக்கு ஒன்று. ஒரு சர்வருக்கு உடம்பு சரியில்லை என்றால், அதிலுள்ள விஎம்களை இன்னொன்றுக்கு மாற்றிவிடலாம். ஆனால் ஒரு விஎம்முக்கு இவ்வளவு மெமரி என்று முன்பதிவு செய்துவைத்தால், அதை வேறு எதுவும் தொட முடியாது. இதற்குப் பாய் வைத்த பெயர் 'துண்டு போடுறது'. பெரம்பலூர்க்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ரயில் இல்லாத ஊரில், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தே வளர்ந்தவர்கள் நாம்.

ஒரு சமயம், கேட்ட பிரிவுக்கெல்லாம் மெமரியை முன்பதிவு செய்து கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எடைமேடைக்குக் கொடுத்ததைப் பார்த்துக் கணக்குப் பிரிவு கேட்டது. கணக்கைப் பார்த்துக் கேண்டீன் கேட்டது. நமக்கு மட்டும் இல்லாமல் போய்விடுமோ என்று ஆளாளுக்குப் பயம். பாய் மட்டும் கூட்டத்தில் எழுந்து கத்தினார். "எல்லா சீட்டுலயும் துண்டு கெடந்தா அடுத்த ஸ்டாப்புல நிக்கிறவன் எங்கங்க உக்காருவான்?" எல்லோரும் சிரித்தார்கள். உத்தரவு அப்படியே நிறைவேறியது.

அந்தக் கோடையில் ஒரு நாள் காலை, ஒரு சர்வர் சூடேறி எச்சரிக்கை காட்டியது. விஎம்களை மாற்றத் தொடங்கினோம். எடைமேடையை மட்டும் இரண்டாவது சர்வர் ஏற்க மறுத்தது. அங்கே மெமரி சும்மாதான் கிடந்தது, ஆனால் முழுவதும் முன்பதிவாகியிருந்தது. டோக்கன் கொடுக்க ஆளே இல்லாத நேரத்தில் கேண்டீன் விஎம் அவ்வளவு இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தது. சூடான சர்வர் தானாக அணைந்துபோக, எடைமேடை நின்றுவிட்டது. கேட்டுக்கு வெளியே, ரெட்டிபாளையம் சாலையின் வெயிலில், லாரிகள் வரிசை கட்டி நின்றன.

யாரைக் கேட்பது என்று நாங்கள் போனைத் தேடிக்கொண்டிருந்தபோது, பாய் கேண்டீனின் முன்பதிவையும் மேலாளரின் அறிக்கை விஎம்மின் முன்பதிவையும் எடுத்துவிட்டு, எடைமேடையை இரண்டாவது சர்வரில் ஓடவிட்டார். லாரிகள் நகர ஆரம்பித்த பிறகு மேலாளர் வந்தார்.

"யாரக் கேட்டுங்க எடுத்தீங்க?"

"வெயில்ல நிக்கிறவங்களக் கேட்டேன் சார்."

அந்தப் பதிலுக்காக அவருக்கு மெமோ வந்தது. மனுஷன் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. மதியம் பிரியாணி ஆறிப்போனதற்குத்தான் புலம்பினார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் அவர் வைத்ததுதான் சட்டம். கட்டாயம் தேவைப்படுகிறவற்றுக்கு மட்டும் முன்பதிவு, அதுவும் உண்மையில் பயன்படுத்தும் அளவுக்கு. இன்னொரு சர்வரிலிருந்து அவசரமாக வருவது தங்கும் அளவுக்கு, இரண்டிலும் எப்போதும் மெமரி காலியாக இருக்க வேண்டும். சாதாரண பராமரிப்பு நாளில்கூட நான் எதையாவது மாற்றப் போனால் பக்கத்திலிருந்து குரல் வரும். "போற எடத்துல எடம் இருக்கான்னு மொதல்ல பாரு மாப்ள. அப்பறம் கெளப்பு." பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் எட்டிப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். இன்றைக்கு அந்த எரிச்சலுக்கு ஏங்குகிறேன்.

அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ரஹிமா அக்கா, கணவரை இழந்தவர்கள் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார். "அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, தம்பி. ஒரே ஒரு பெட்டு காலியா இருக்கக் கூடாதா? எடம் இருக்கான்னு கெளம்புறதுக்கு மின்ன ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?"

உயிரில்லாத இயந்திரத்தைக்கூட இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் நகர்த்தாத மனிதர். அவரை அனுப்பியபோது யாரும் கேட்கவில்லை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வருகிறது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அவர் மகன் கொண்டுவந்த தேநீரைக் குடிக்க முடியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

போன வாரம் மேலாளர் எங்கள் அறைக்கு வந்தார். புதிதாக ஒரு சாப்ட்வேர் வாங்கியிருக்கிறார்கள். "ரெண்டாவது சர்வர்ல மெமரி சும்மாதான கெடக்கு? அதுல போட்டுருவோம். பாய் இருந்தா விடமாட்டாரு, பாவம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் பாயின்மேல் பிரியம்தான்.

"அதத் தர முடியாதுங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

"ஏன், அது யாருக்கு?"

"இன்னும் வரலைங்க சார். வருவாங்க."

அவர் திரும்பித் தன் அறைக்குப் போனார். பாயிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த இடம் ஒன்றுதான். நான் இந்த வேலையில் இருக்கும்வரை அது காலியாகவே இருக்கும்.