இருபத்தெட்டாவது புள்ளி

காசிஸ் மட்டூலிஸ் எண்ணினால் எண்ணியதுதான் என்பது எங்கள் ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். கிரேடி நிலக்கரிச் சுரங்கத்தில் கம்பெனி ஆள் வண்டிகளை நிறுக்கும்போது, தொழிலாளிகள் சார்பாகப் பக்கத்தில் நின்று எடையைச் சரிபார்ப்பவர் அவர். அந்த எடைக்குத்தான் கூலி என்பதால், சரிபார்க்கிற ஆளைத் தொழிலாளிகளே வருஷாவருஷம் ஓட்டுப்போட்டு வைப்பார்கள். ஒன்பது வருஷம் அவரையே வைத்தார்கள். வலது முழங்கால் போனவர். மறுபடி குழிக்குள் இறங்கினால் தாங்காது என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

அவர் எண்ணிக்கைமேல் இருந்த நம்பிக்கையால்தான் கூடைப்பந்துக்கும் அவரையே பிடித்துப் போட்டார்கள். 1916 குளிர்காலத்தில், காசு வாங்கி ஆடும் அணி ஒன்று எங்களுக்கும் வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் சர்ச் மண்டபத்தில் கம்பி வலைக் கூண்டுக்குள் ஆட்டம். வெளியே ஒரு மேசையில் மட்டூலிஸ் உட்கார்ந்து, யார் எத்தனை கூடை, எதிராளி மோதியதற்குக் கிடைக்கும் ஃபௌல் எறியில் யாருக்கு எத்தனை புள்ளி என்று குறிப்பார். அந்தத் தாளைத் திங்கட்கிழமைப் பேப்பருக்கு அச்சுக் கோப்பது நான். என் பெயர் நோரா. கோப்பதில் தப்பு வந்தால் ஊர் என்னைத்தான் கிழிக்கும், அதனால் நானும் லேசுப்பட்டவள் இல்லை.

அந்தச் சனிக்கிழமை, நானும் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்து ஊர் ஸ்க்ராண்டன்காரர்களை 28க்கு 27 என்று எங்கள் பையன்கள் ஜெயித்தார்கள். ஊரே பீரில் மிதந்தது. திங்கட்கிழமை காலை ஷிஃப்டில் எவனோ வேலையற்றவன், பேப்பரில் ஆள்வாரியாகப் போட்டிருந்ததைக் கூட்டிப் பார்த்திருக்கிறான். எட்டுக் கூடைக்குப் பதினாறு, ஃபௌலில் பதினொன்று. இருபத்தேழுதான் வந்தது.

மத்தியானம் மட்டூலிஸ் அச்சாபீசுக்குள் நொண்டிக்கொண்டே வந்தார்.

"நோரா, ஒரு எழுத்தைக் கீழ போட்டுட்டியா?"

"போட்டேன், உங்க தலையில. தாளை எடுங்க பாப்போம்."

தாளும் பேப்பரும் ஒன்றாகத்தான் இருந்தன. அவர் விரலை வைத்துக் கூட்டினார். கீழிருந்து கூட்டினார். தன் தாய்மொழியான லிதுவேனிய மொழியில் ஒரு முறை கூட்டினார். இருபத்தேழு. ஸ்க்ராண்டன் பக்கம் சரியாக இருந்தது, அதுவும் இருபத்தேழு.

"அப்போ நாம ஜெயிக்கவே இல்லையா?" என்றார். முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் ஒன்றும் புரியவில்லை. மண்டபத்துப் பலகையில் புள்ளி எண் மாட்டிய ஆளைக் கேட்டாராம், அவன் நடுவர் சொன்னதைத்தான் மாட்டினேன் என்றானாம். ஒருவன் கடைசிக் கூடை விழவே இல்லை என்றான், இன்னொருவன் இரண்டு தடவை விழுந்தது என்றான். போகப் போக, தன் கண்ணால் பார்த்த ஆட்டமே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

"வியாழக்கிழமை ஓட்டு, நோரா. பந்தை எண்ணத் தெரியாதவன் வண்டியை எண்ணுவானான்னு இப்பவே கேக்குறானுங்க."

எனக்கு அவர்மேல் பரிதாபமாகவும் இருந்தது, அந்தக் கூட்டத்தின்மேல் எரிச்சலாகவும் இருந்தது.

"இங்க பாருங்க. ப்ரோகோப்புக்கு ஃபௌல் பதினொன்னுன்னு இருக்கு. பன்னெண்டாக்கிடுறேன். நோரா கோத்ததுல தப்புன்னு நாளைக்கே போடுறேன். என்னை ரெண்டு நாள் திட்டுவானுங்க, அவ்வளவுதான்."

யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் யார்மேல் மோதினாலும் ஃபௌல் பந்தை எறிவது அணிக்கு ஒரே ஆள்தான். எங்களுக்கு ப்ரோகோப். அதனால் மட்டூலிஸ் தானே கோடு போட்டுத் தயாரித்த தாளில், ஃபௌலுக்கான கட்டம் ப்ரோகோப்பின் வரிசையில் மட்டுமே இருக்கும்.

அவர் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"ப்ரோகோப் கொஞ்ச நேரம் வெளிய இருந்தானே?"

"கூண்டுக் கம்பி காதைக் கிழிச்சிடுச்சு. நாலு நிமிஷம். வின்சாஸ் உள்ள போனான்," என்றேன்.

வின்சாஸ் இரண்டு சீசனாகப் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தவன். முப்பத்தாறு வயது, பகலில் கரி வெட்டுகிறவன்.

"அந்த நாலு நிமிஷத்துல ஒரு ஃபௌல் வந்துச்சு," என்றார் மட்டூலிஸ். "வின்சாஸ்தான் எறிஞ்சான். உள்ள விழுந்துச்சு. நான் பென்சிலை எடுத்தேன்..." தாளில் வின்சாஸின் பெயரைத் தொட்டார். "அவன் வரிசையில கட்டமே இல்ல. எங்க எழுதுறதுன்னு பாத்தேன். அதுக்குள்ள பந்து மறுபடி ஓட ஆரம்பிச்சிடுச்சு."

"அப்பாடா, ஜெயிச்சாச்சு. ஆனா பழியை என் மேலயே போட்டுடுங்க. வின்சாஸுக்கு ஒன்னு, கோத்தவ விட்டுட்டான்னு."

வெகுநேரம் தாளை மடித்து மடித்துப் பிரித்தார். ஆசை இல்லாமல் இல்லை, அது எனக்குத் தெரிந்தது.

"நீ விடலையே," என்றார்.

செவ்வாய்க்கிழமைப் பேப்பரில் அவர் சொன்னபடியே கோத்தேன்: வின்சாஸ் எறிந்த ஒரு ஃபௌல் புள்ளியை, குறிப்பெடுத்த காசிஸ் மட்டூலிஸ் எழுதத் தவறிவிட்டார். கோக்கும்போது எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்.

வியாழக்கிழமை பதினேழு ஓட்டில் தோற்றார்.

சனிக்கிழமை வின்சாஸ் அச்சாபீசுக்கு வந்தான். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பேப்பர் மூன்று வேண்டுமாம். ஒன்று லிதுவேனியாவில், கௌனாஸில் இருக்கும் அண்ணனுக்கு, போர் முடிந்ததும் அனுப்ப.

"ஃபௌல்னா யார் எறிஞ்சாலும் ப்ரோகோப் கணக்குலதான் சேரும்னு நெனச்சிருந்தேன்," என்றான். "என் பேரைப் பேப்பர்ல பாத்துட்டு என் பொண்டாட்டி கட்டிப்பிடிச்சுக்கிட்டா. மட்டூலிஸ் தங்கமான மனுஷன்."

"அந்தத் தங்கத்துக்கு ஓட்டுப் போட்டியா?"

தொப்பியைக் கையில் உருட்டினான். "இல்ல."

"ஏன்யா?"

"நோரா, நான் எறிஞ்சதை அவரு கண்ணால பாத்தாரு. பாத்தும் விட்டுட்டாரு. அவரே எழுதிக் குடுத்தாரு. நான் உள்ளேருந்து அனுப்புற வண்டியில எத்தனை இப்படி விட்டிருப்பாருன்னு நெனைக்காம எப்படி இருக்க முடியும்? எனக்கு நாலு பிள்ளைங்க."

பேப்பரை அவன் முகத்தில் எறியாத குறை. அன்று சாயங்காலமே மட்டூலிஸ் வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை குழிக்குள் இறங்க, பழைய பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வின்சாஸ் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நன்றிகெட்டவன் என்று இரண்டு பேருமாகத் திட்டலாம் என்றுதான் போனேன்.

அவர் பூட்ஸைக் கீழே வைத்தார்.

"ஒன்பது வருஷம்," என்றார். "வேற எதையும் விட்டிருக்க மாட்டேன்ல, நோரா?"