பார்வதம்மாவின் எக்கோ

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கும் ஆனிக்கு, போன மார்ச்சில், பட்டப்பகலில் நடந்தது இது.

அன்று அவளுக்கு ஒரே கோபம். காரணம் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் டாக்டர் திலீப். மைன்ஸ் குடும்பத்தார் யார் மூச்சு வாங்கி வந்தாலும் அவருக்கு ஒரே பதில்: சுரங்கத் தூசி. கீழே இறங்கி வேலை செய்தவர்களுக்குச் சரி. சுரங்க வாய்ப் பக்கமே போகாத பெண்களுக்கும் அதுவா? கொடுமை என்னவென்றால், ஜனங்களும் அதையே நம்பித் திரும்பிப் போனார்கள்.

டாக்டர் சாப்பிடப் போயிருந்தபோது ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். இடது புருவத்தில் தழும்பு. கண்ணில் அப்படி ஒரு கோபம்.

"பார்வதம்மா. பாலகாட் லைன் வீடு. இன்னா ஆனாலும் இன்னிக்கு இதயத்தப் பாத்துடு."

டாக்டர் சீட்டு இல்லை. போகட்டும் என்று ஆனி படுக்கச் சொன்னாள்.

மார்பில் ஜெல் தடவினால் எல்லோரும் சிலிர்ப்பார்கள். இவள் அசையவில்லை. ஜெல்லைவிட உடம்புதான் சில்லென்றிருந்தது…

திரையில் இதயத்தின் இடது கீழறை உப்பிக் கிடந்தது. சுருங்க முடியாமல் தவித்தது. ஆனி அளந்தாள். பாதிக்கு மேல் வெளியேற வேண்டிய ரத்தம், ஒவ்வொரு துடிப்புக்கும் கால் பங்குகூட வெளியேறவில்லை. இதுவா தூசி? அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் திரையின் அடியில் ஓடும் ஈசிஜி கோட்டைப் பார்த்தாள்.

நேர்க்கோடு.

ஒயரை மாற்றி ஒட்டினாள். மேலே இதயம் துடித்தது. கீழே… நேர்க்கோடு.

"எழுது. தூசி இல்லன்னு எழுது."

பிரிண்டர் டர்ர்ர் என்றது. ஆனி திரும்பினாள்.

கட்டில் காலி. கதவுச் சத்தமே கேட்கவில்லை…

வாசல்வரை ஓடிப் பார்த்தாள்; யாரும் இல்லை. ஆனால் இந்த இதயத்தோடு ஒருத்தி தெருவில் நடக்கிறாளே! ரிப்போர்ட்டோடு ஊர்க்கோடியில் இருக்கும் பாலகாட் சுரங்கக் குடியிருப்புக்கு ஆட்டோ பிடித்தாள்.

கதவைத் திறந்தது வேறொருத்தி. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"நான்தான் பார்வதம்மா. ஸ்கேனா? நான் வரலியே. டாக்டரு தூசின்னாரு, வந்துட்டேன்."

ஆனி அவளை அதே ஆட்டோவில் கூட்டிப்போய் எக்கோ எடுத்தாள். அதே உப்பல். அதே அளவு. ரிப்போர்ட்டைத் திலீப்பின் மேஜையில் வைத்தாள். அன்றே பெங்களூருக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் பார்வதம்மாவின் கணவர் சம்பங்கியிடம் ஆனி அந்தத் தழும்புக்காரியைப் பற்றிக் கேட்டாள். அவர் முகம் வெளுத்தது.

"அது இவ அக்கா. போன வருசம், நீங்க இங்க வேலைக்கு வர்றதுக்கு முந்தி, திலீப் டாக்டரு வராண்டா பெஞ்சிலயே உசுரு போச்சு. இதயத்தப் பாருங்க, இதயத்தப் பாருங்கன்னு கடசி வரிக்கும் கேட்டுக்கினே இருந்தா."