மைக் அக்காவின் எதுகை

நான்கு மாடி ஜவுளிக்கடையில் பதினோரு ஆண்டுகள் அறிவிப்பாளராக இருந்தவளை எல்லோரும் மைக் அக்கா என்றார்கள். பொருளோ பிள்ளையோ தொலைந்தால் அறிவிப்பது அவள் வேலை. அதைச் செய்யுளில் அறிவிப்பது அவள் குணம். அவள் வேறு ஊருக்குப் போய்விட்டதால் அந்தக் குரல் போன மாதம் நின்றுவிட்டது. மறக்குமுன் எழுதிவைப்பது நல்லது.

"விழியெல்லாம் நீராக நிற்குது ஓர் அரும்பு, வழிதவற விட்ட அம்மா, பில் கவுண்டர் திரும்பு!"

அந்த அம்மாவோடு இன்னும் நாற்பது பேர் திரும்புவார்கள். "இது எந்தப் படப் பாட்டுக்கா?" என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் அவளுக்கு மூக்கின்மேல் கோபம் வரும்.

"படமாவது கிடமாவது! இப்பதான்மா சுடச்சுட இறக்கினேன்."

கல்லூரிப் பெண்கள் இருவர் பாட்டுக்காகவே பையை ஒளித்துவைத்துவிட்டுத் தொலைந்ததாகச் சொன்னதும் உண்டு.

வினை ஊதாச் சட்டையில் வந்தது. அதைப் போட்டிருந்த சிறுவனை அவள் பாட்டில் "பச்சை நிறச் சட்டை" என்றாள். அடுத்த அடி "அச்சம் விட்டு வாங்க." அதைக் கேட்ட தகப்பன், நம்ம பிள்ளை இல்லை என்று மேலும் அரைமணி நேரம் மாடி மாடியாக அலைந்தார். பிறகு மேனேஜர் அறையில் குதித்தார்.

"ஊதான்னு சொன்னா என்னம்மா?" என்றார் மேனேஜர்.

"அவசரத்துக்கு எதுகை வாய்க்கல சார்."

"இனிமே ஒரு பாட்டு வந்துச்சு, மைக் உங்ககிட்ட இருக்காது."

அவளுக்கு மைக் போனால் பாதி உயிர் போன மாதிரி. வாயைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு, பக்கத்து நாற்காலியில் உட்கார்த்திவைத்திருந்த அவளுடைய ஆறு வயது மகளைக் காணவில்லை. வாசலுக்கு வெளியே பேருந்துகள் ஓடும் சாலை.

"மஞ்சள் கவுன் அணிந்த ஆறு வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை. பார்த்தவர்கள் பில் கவுண்டருக்கு வரவும்."

மூன்று முறை சொன்னாள். யாரும் வரவில்லை. மேனேஜரே மாடி மாடியாக ஏறி இறங்கினார். நான்காம் முறை அவள் பொத்தானை அழுத்தினாள்.

"எங்கடி போனாய் என் எலிவால் சடையே, இங்கடி கலங்குது மொத்தக் கடையே!"

பத்தடி தள்ளி, தொங்கிய சட்டைகளுக்கு அடியிலிருந்து எலிவால் சடை எட்டிப் பார்த்தது.

"இவ்வளவு நேரமாக் கூப்பிட்டேனே, காது எங்கடி போச்சு?"

"கேட்டுச்சும்மா. யாரோ ஒரு ஆன்ட்டி யாரோ ஒரு பாப்பாவைத் தேடுறாங்கன்னு நெனச்சேன். அந்தப் பாப்பாவும் என்னை மாதிரியே மஞ்சள் கவுனாம். பாவம்னு நெனச்சேன்."

மூச்சிரைக்க வந்து நின்ற மேனேஜரிடம் அவளே மைக்கை நீட்டினாள். "சொன்ன சொல் மீறிட்டேன் சார். எடுத்துக்கோங்க."

வாங்கியவர் அதையும் பார்த்தார், சிறுமியையும் பார்த்தார். பிறகு மைக்கை அவள் கையிலேயே திணித்தார்.

"மூணாவது மாடியில ஒருத்தர் மூக்குக்கண்ணாடியைத் தொலைச்சுட்டு நிக்கிறார். சொல்லுங்க."

"எப்படி சார் சொல்றது?"

"கண்ணாடி தானா நடந்து வர்ற மாதிரி சொல்லுங்க."