சுந்தரம்மாள் கட்டிய வரி

வரியைக் குறை என்று சண்டை போடுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். என்னிடமும் வரி வாங்கு என்று ஒரு காலனியையே எதிர்த்து நின்றவள் எனக்குத் தெரிந்து சுந்தரம்மாள் ஒருத்திதான்.

அவள் பிறந்தது ராயகிரி. சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, புருஷனோடு ஒரே விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவன் தறி ஓட்டினான், இவள் துணியின் குறுக்கே ஓடுகிற ஊடைநூலைக் கட்டைகளில் சுற்றிக் கொடுத்தாள். அந்தக் கூடத்துச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதென்றாலும் தொண்டையைத் திறந்தாக வேண்டும். அப்படித்தான் அவளுக்கு உரத்த குரல் வந்தது. பொம்பளைக்கு இவ்வளவு குரல் ஆகாது என்று சொன்னவர்கள் உண்டு. அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை.

புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கையில் ஒரு பெண் குழந்தை. ராயகிரிக்கே வந்துவிடு என்று அண்ணன் கூப்பிட்டான். அண்ணன் வீட்டு அடுப்படியில் ஆயுசைக் கழிக்க அவளுக்கு மனமில்லை. கழுகுமலை ரோட்டில் அரசாங்கம் குறைந்த வாடகைக்கு வீடு கட்டி ஒதுக்கிக்கொண்டிருந்த சமயம் அது. ஆதரவில்லாத பெண்களுக்கென்று நாலாவது வரிசையை, அதாவது கடைசி வரிசையை, ஒதுக்கியிருந்தார்கள். அலைந்து திரிந்து அதில் ஒரு வீட்டைத் தன் பெயரிலேயே ஒதுக்கி வாங்கினாள்.

அந்த வரிசையில் எல்லோரும் புருஷனைப் பறிகொடுத்தவர்கள், அல்லது புருஷன் விட்டுவிட்டுப் போனவர்கள். அடுத்த வீட்டுக் கதீஜம்மாள் பீடி சுற்றிப் பிழைத்தாள். அவள் வீட்டுக்காரர் வியாபாரத்துக்கென்று கொல்லம் போனவர், போனவர்தான். மற்ற மூன்று வரிசைக்காரர்கள் கடைசி வரிசைக்குத் தங்களுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது.

காலனிக்கு ஒரு சங்கம் இருந்தது. குடியிருப்போர் நலச் சங்கம் என்று முறைப்படி பதிவு செய்திருந்தார்கள். தலைவர் குருநாதன், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு, யார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். வரி வசூல் மூக்காண்டி கையில். அவர் காலனி முகப்பில் டீக்கடை வைத்திருந்தார். பெயருக்குத்தான் அது சங்கம். நடந்ததெல்லாம் ஊரில் வரி பிரித்துக் கோவில் கொடைத் திருவிழா நடத்துகிற முறைதான். கல்யாணமான ஆம்பிளை ஒருவன் இருந்தால் அது ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. வரி கொடுத்தவனுக்குக் கூட்டத்தில் ஜமக்காளத்தில் இடம், பேச வாய், ஓட்டுக்குத் தூக்கக் கை. புருஷன் இல்லாத வீட்டுக்கு வரி கிடையாது. பாவம், அவர்களிடம் போய் வாங்குவதா என்று விட்டுவிடுவார்கள். பார்க்கப் பெரிய மனசாகத்தான் தெரியும். வரி இல்லாதவளுக்கு இடமும் இல்லை, வாயும் இல்லை, கையும் இல்லை என்பது அந்தப் பெரிய மனசுக்குள்ளே மடித்து வைத்திருந்த சங்கதி.

எழுபதுகளின் கடைசியில், இந்த வீடுகளை ஒதுக்கிய டவுன் ஆபீஸ் ஒரு ஏற்பாடு செய்தது. அரசாங்க வாடகைக் குடியிருப்புகளில் சங்கம் வைத்திருந்தால், சாக்கடை, குழாய், தெருவிளக்கு வேலைகளுக்கு வருஷா வருஷம் மானியம் கிடைக்கும். முதல் மானியத்தில் குருநாதன் சிமெண்டுச் சாக்கடை கட்டினார். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை, எல்லாம் பளிச்சென்று ஆனது. கடைசி வரிசையின் தலைமாட்டில் வந்து சாக்கடை நின்றுவிட்டது. காலனி சரிந்திருப்பதோ அந்தப் பக்கம். முன்பு அவரவர் வாசலில் ஊறிக் காய்ந்துகொண்டிருந்த மூன்று வரிசைக் கழிவுத் தண்ணீரும் இப்போது சிமெண்டில் வழுக்கிக்கொண்டு வந்து, நேரே சுந்தரம்மாள் வாசலில் விழுந்தது. பலகை போட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். ஐப்பசி மழையில் அது அடுப்படி வரைக்கும் வந்தது. அந்த மாதம் வரிசையில் பிள்ளைகள் ஒன்று மாற்றி ஒன்று காய்ச்சலில் விழுந்தார்கள். கதீஜம்மாளின் பேத்தி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை.

சுந்தரம்மாள் சங்கக் கூட்டத்துக்குப் போனாள். ஜமக்காளத்துக்கு வெளியே நின்றுதான் பேச முடிந்தது. அடுத்த மானியத்தில் பார்க்கலாம் என்றார் குருநாதன். அடுத்த மானியம் வந்தது, தெருவிளக்காக மாறி முன்வரிசைகளில் எரிந்தது. மறுபடி போய்க் கேட்டாள். வரி கொடுக்கிறவர்கள் முடிவு செய்கிற விஷயம், நீ ஏன் அலட்டிக்கொள்கிறாய் என்று மூக்காண்டி சொன்னார். அப்படியானால் என்னிடமும் வரி வாங்குங்கள் என்றாள். கூட்டமே ஒரு மாதிரி நெளிந்தது. தாலி அறுத்தவள் காசு தட்டில் விழுந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நினைக்கிறவர்கள் அவர்கள். அதை வெளியே சொல்லவும் கூச்சம். உனக்கு எதுக்கும்மா கஷ்டம் என்று பூசி மெழுகி அனுப்பிவிட்டார்கள்.

அவள் விடவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு டவுன் ஆபீஸுக்கே போனாள். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதை உங்கள் சங்கத்தில் அல்லவா கேட்க வேண்டும் என்றார். காலனியில் எத்தனை வீடு உண்டோ அத்தனை வீட்டுக்கும் சேர்த்துத்தானே மானியம் கொடுக்கிறோம், கடைசி வரிசையும் அதில் உண்டே என்றார். சுந்தரம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாங்கும்போது அவள் வீடும் ஒரு வீடு, செலவழிக்கும்போது அது வீடே இல்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் தனக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு அவள் அழவும் செய்தாள். யாரும் பார்க்கவில்லை என்பதால் அதை நான் மறைக்கப்போவதில்லை.

எண்பத்தொன்றில் ஆபீஸுக்குப் புது அதிகாரி வந்தார். அங்கங்கே சங்கம் என்ற பெயரில் நாலைந்து பேர் மானியத்தை அனுபவிப்பதாக அவருக்குப் புகார் போயிருந்தது. இனிமேல் சும்மா கொடுக்க மாட்டேன், நானே ஒரு பொதுக்கூட்டத்துக்கு வருவேன் என்றார். யார் பெயரில் வீடு ஒதுக்கியிருக்கிறதோ அவர்களில் பாதிப் பேருக்கு மேல் வரி கட்டிய உறுப்பினராக நேரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மானியம் நின்றுபோகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

குருநாதன் முகத்தில் ஈயாடவில்லை. முன்வரிசைகளில் பாதி ஆட்கள் தங்கள் வீட்டைக் கூடுதல் வாடகைக்கு உள்வாடகை விட்டுவிட்டுக் கரிவலம்வந்தநல்லூரிலும் வேறு ஊர்களிலும் சொந்த வீட்டில் இருந்தார்கள். சங்கத்தில் வரி கட்டி ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த தலைக்கட்டுகளில் பல பேருக்கு வீடே சொந்தப் பெயரில் இல்லை. எல்லா வீட்டிலும் ஒதுக்கிய ஆளே குடியிருந்தது கடைசி வரிசையில் மட்டும்தான். வேறு போக்கிடம் இருந்தால்தானே போவார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் குருநாதனும் மூக்காண்டியும் கடைசி வரிசைக்கு வந்தார்கள். அந்தப் பலகையில் குருநாதன் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து நில்லுங்கள், அதிகாரி கேட்டால் கையைத் தூக்குங்கள், வரியெல்லாம் கட்டியாச்சு என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம், நீங்கள் பைசா கொண்டுவர வேண்டாம் என்றார். நல்லது செய்கிற குரலில்தான் சொன்னார்.

"வரிய வாங்குங்க அண்ணாச்சி, வாரோம்" என்றாள் சுந்தரம்மாள்.

மூக்காண்டி பதறிப்போனார். "அது ஊர்ல இல்லாத வழக்கம். அந்தப் பாவம் எங்களுக்கு எதுக்கு?"

"மூணு வரிசைச் சாக்கடையும் எங்க வாசல்ல விடுதிய. அப்ப வராத பாவம் வரி வாங்கும்போதுதான் வருதா?"

குருநாதன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் போய்விட்டார்கள். போன பிறகு கதீஜம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது. மானியம் நின்றுபோனால் பழியை நம் தலையில் கட்டுவார்கள், வீட்டையே காலி செய்ய வைத்தாலும் வைப்பார்கள் என்றாள். மானியம் வந்து நமக்கு என்ன கிடைத்தது, இந்தச் சாக்கடையைத் தவிர என்று சுந்தரம்மாள் கேட்டாள். கதீஜம்மாள் பீடித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நானும் வரி கொண்டு வருகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை வாசலில் கூட்டம். அதிகாரிக்கு நாற்காலி, மாலை, கலர் சோடா. கடைசி வரிசைப் பெண்கள் மொத்தமாக வந்தார்கள். ஒவ்வொருத்தியும் முந்தானையில் வரியை முடிந்து வைத்திருந்தாள். குருநாதன் ஓடிவந்து சுந்தரம்மாளை ஓரமாகக் கூப்பிட்டார். உங்கள் எல்லோருக்கும் நானே என் கையிலிருந்து வரியைப் போட்டுவிடுகிறேன், ஒரு அண்ணன் செய்தது மாதிரி நினைத்துக்கொள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"எனக்கு ராயகிரியில அண்ணன் இருக்கான். இங்கன எனக்கு அண்ணன் வேண்டாம், சங்கத்துல ஒரு இடம் வேணும்."

அதற்குள் அதிகாரி எண்ண ஆரம்பித்துவிட்டார். பெண்கள் பக்கம் திரும்பி, இவர்கள் வரி கட்டிய உறுப்பினர்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றார் குருநாதன். அதிகாரிக்கு அவர் குரல் திருப்தியாக இல்லை போலிருக்கிறது. முன்னால் நின்ற சுந்தரம்மாளையே கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. காலனியே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லய்யா. கொடுத்தா வாங்க மாட்டேங்காவ. இன்னைக்கும் கொண்டாந்து வச்சிக்கிட்டு நிக்கோம்."

தறிக்கூடத்துக் குரல். ரோட்டில் போன பஸ்ஸுக்குக்கூடக் கேட்டிருக்கும். அதிகாரி சள்ளென்று விழுந்தார். கொடுக்கிறவர்களிடம் வாங்க என்னய்யா கஷ்டம், வாங்குவதானால் இப்போது வாங்குங்கள், இல்லாவிட்டால் நான் கிளம்புகிறேன் என்றார். வரித்தட்டு மூக்காண்டி கையில் இருந்தது. அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார், நீட்டவில்லை. கடைசியில் குருநாதன்தான் அதை அவர் கையிலிருந்து வாங்கி, சுந்தரம்மாள் முன்னால் பிடித்தார். அவள் முடிச்சை அவிழ்த்து நிதானமாகப் போட்டாள். பின்னாலேயே கதீஜம்மாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மானியம் பிழைத்தது. இனிமேல் எந்த முடிவுக்கும் யார் பெயரில் வீடோ அவர்களே கை தூக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

அத்தோடு முடிந்தது என்று முன்வரிசைக்காரர்கள் நினைத்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு யாரும் சொல்லி அனுப்பாமலே பெண்கள் வந்தார்கள். வெளியே நிற்கவில்லை, ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். அன்றைய பேச்சு, மானியத்தில் காலனி முகப்பில் சங்கத்தின் பெயர் போட்டு ஒரு வளைவு கட்டுவது பற்றி. சுந்தரம்மாள் எழுந்து, கடைசி வரிசை வழியாக, காலனிக்குப் பின்னால் போகிற ஓடை வரைக்கும் சாக்கடையை இழுக்க வேண்டும் என்றாள். தலைக்கட்டுகள் பேசட்டும், நீங்கள் இருங்கள் என்றார் மூக்காண்டி.

"என் வீட்டுக்குத் தலை நாந்தான் அண்ணாச்சி. உம்ம வீட்டுக்குத் தலை யாரு? வீடு உம்ம மச்சினன் பேருலல்லா இருக்கு?"

யார் பெயரில் வீடோ அவர்களே கை தூக்கலாம் என்று ஆகிவிட்டதால், வளைவுக்கு எழுந்த கைகள் கொஞ்சம்தான். மாசி மாதம் சாக்கடை ஓடையைத் தொட்டது. வேலை நடந்த அத்தனை நாளும் சுந்தரம்மாள் தறிக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள். கொத்தனார்களுக்கு அது பெரிய தொந்தரவு.

அதற்குப் பிறகும் அவளை யாருக்கும் பெரிதாகப் பிடித்துவிடவில்லை. அடங்காதவள் என்ற பெயர் நிலைத்தது. ஆனாலும் வசூலில் குழப்பம் வந்த ஒரு வருஷம் வரித்தட்டு அவள் கைக்கு வந்தது, பிறகு அங்கேயே தங்கிவிட்டது. அவள் வந்து நின்றால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

எண்பத்தாறில் குருநாதன் நெஞ்சுவலியில் இறந்துபோனார். காலனியே திரண்டு வந்து தூக்கிப் போட்டது. சுந்தரம்மாளும் பதினாறு நாளும் அந்த வீட்டில் பாத்திரம் கழுவினாள். அடுத்த வசூல் வந்தபோது மூக்காண்டி அவளிடம் வந்து, தலைவர் வீட்டுக்குப் போக வேண்டாம், பாவம், அந்த அம்மாவை விட்டுவிடுவோம் என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது.

சுந்தரம்மாள் நேரே முதல் வரிசைக்கு நடந்து, முதல் வீடாகக் குருநாதன் வீட்டுக் கதவைத் தட்டினாள். வெறுங்கழுத்தோடு அவர் மனைவி கோமதித்தாய் வந்து கதவைத் திறந்தாள். வீட்டை விட்டு வெளியே தலைகாட்டாமல் இருந்தவள். தட்டைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"எனக்கும் உண்டா?" என்று கேட்டாள்.

"உண்டு மைனி. எடுத்துட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கும் வரணும்."