பதினொன்றாம் எண்ணில் இருவர்

பிளேடு மெல்ல இறங்கியது. ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம் உள்ள பென்சில் அது. சிவப்பு மெழுகு மாதிரி நைந்துபோகும். நீலம் சட்டென்று முறியும். விரல்களுக்கு அது தெரியும். சிவப்பு முனைக்கு ஓர் அழுத்தம், நீலத்துக்கு வேறு அழுத்தம் என்று அவை தாமாகவே மாற்றிக்கொண்டன. சீவி முடித்ததும் மூன்று தாள்களுக்கு இடையில் இரண்டு கார்பனைச் செருகி, ஓரங்களைத் தட்டி நேராக்கி, காற்றில் பறக்காமலிருக்க ஓர் இரும்புத் துண்டைத் தூக்கி மேலே வைத்தன.

கைகளுக்கு உரியவர் கலியமூர்த்தி. ஆவடித் தொழிற்சாலை ஒன்றின் டூல்ரூமில் மார்க்கிங் வேலை. எங்கே வெட்டுவது, எங்கே துளை போடுவது என்று இரும்புத் தகட்டில் கோடு கிழித்துக் கொடுப்பார். அப்பா கள்ளிக்குப்பத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். கலியமூர்த்தி கூடைப்பந்தைக் கையால் தட்டி ஆடியதே கிடையாது. குவார்ட்டர்ஸ் சிமென்டு தளத்தில் ஆட்டம் முடிந்ததும் யார் எத்தனை போட்டார்கள் என்று ஆட்டக்காரர்கள் அடித்துக்கொள்வதைச் சகிக்க மாட்டாமல், ஒரு நாள் சாக்பீஸை எடுத்துத் தரையில் குறிக்க ஆரம்பித்தார். அப்புறம் அட்டை போன ஒரு விதிப் புத்தகம் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

"ஊட்ல அரிசி கீதா இல்லியான்னு தெரியாது. எவன் எத்தினி கூடை போட்டான்னு மட்டும் தூக்கத்துல கேட்டாலும் சொல்லும்" என்று மனைவி லோகநாயகி அக்கம்பக்கத்தில் சொல்வாள்.

ஆட்டக் கணக்கு எழுதும் மேசையில் உட்கார்ந்தால் அவருக்குத் தமக்கென்று ஒரு சட்டம் இருந்தது. முகத்தைப் பார்க்கக் கூடாது. பனியனில் உள்ள எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். முகம் பார்த்தால் வேண்டியவன், வேண்டாதவன் என்று மனம் சாயும். எண்ணுக்குச் சொந்தபந்தம் இல்லை.

அறுபத்தொன்பதாம் வருஷக் கடைசியில், நாடு சுற்றி ஆட வந்திருந்த ஒரு வெளிநாட்டு தேசிய அணி ஆவடிக்கும் வந்தது. எதிர்த்து ஆடியது தொழிற்சாலை அணி. கூடைப்பந்துச் சங்கத்துச் செயலாளர் பக்தவத்சலம் காலையிலேயே கலியமூர்த்தியிடம் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு ஷீட் சுத்தமா வரட்டும். ஆள் வாரியா பாயின்ட், ஃபவுல், எல்லாம். அவங்க ஊர்ப் பேப்பர்ல போடப் போறாங்க. சரியா வந்தா, அடுத்த தேசியப் போட்டி மேசைக்கு உங்க பேரைத்தான் எழுதுவேன்."

இத்தனை வருஷமாகக் கலியமூர்த்தி வாய்விட்டுக் கேட்காமல் காத்திருந்தது அதற்குத்தான்.

முதல் பாதி சிவப்பு முனையில் ஓடியது. வெள்ளைப் பனியன்காரர்கள் உயரமாக, சத்தமில்லாமல் கூடை போட்டார்கள். பச்சைப் பனியனில் பதினொன்றாம் எண் மட்டும் ஈடு கொடுத்தது. வெல்டிங் ஷாப் உத்தமனின் எண் அது. கலியமூர்த்தி எண்ணுக்கு மேலே கண்ணை உயர்த்தாமல் பதினொன்று, பதினொன்று என்று குறித்துக்கொண்டே போனார். இரண்டாம் பாதி, நீலம். பாதிக்கு மேல் ஓடியபோது பதினொன்றுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது. ஐந்து விழுந்தால் வெளியே போக வேண்டும். கலியமூர்த்தி கையை உயர்த்திக் காட்டினார்.

உத்தமன் நேரே மேசைக்கு வந்தான்.

"அண்ணாத்தே, இன்னா இது? எனுக்கு மூணுதான். மீதி ரெண்டு ஆனந்தன்து."

"ஆனந்தன் இன்னும் எறங்கவே இல்லியேப்பா. அவன் நம்பர் பதினாலு."

"பதினாலு பனியன் பாடியில டெய்லர்கிட்ட கீது. வரல. அதான் என்துதைக் கயட்டிக் குடுத்தேன். டைம் அவுட்டுக்கு டைம் அவுட்டு மாத்திக்கினோம். நம்ம ஷாப் மேட்ச்ல எப்பவும் பண்றதுதானே?"

ஷாப்புக்கு ஷாப் நடக்கும் ஆட்டங்களில் அது வழக்கம்தான். பனியன் குறைவு, வெளியே வருகிறவன் கழற்றித் தருவான், உள்ளே போகிறவன் ஈரத்தோடு மாட்டிக்கொள்வான். அங்கே யாரும் ஆள்வாரியாகக் கேட்பதில்லை. ஆனால் மாறும்போதெல்லாம் மேசைக்கு வந்து சொல்ல வேண்டும் என்பது விதி. அதை இவர்களிடம் எத்தனையோ தடவை தொண்டை வற்றச் சொல்லியாகிவிட்டது.

நடுவர் விசில் ஊதினார். பதினொன்று வெளியே. உத்தமன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் ஆனந்தன், போட்டுக்கொள்ளப் பச்சைப் பனியன் இல்லாமல், முண்டா பனியனோடு. ஒரே எண் இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டது. கூட்டம் மேசையைத் திட்டியது. "இன்னா மாமே, வெள்ளக்காரன் டீ வாங்கிக் குடுத்தானா?" என்று ஒருவன் கத்தினான். கலியமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு மீதியை எழுதினார். எழுபத்தொன்றுக்கு ஐம்பத்து நான்கு என்று ஆட்டம் முடிந்தது.

தோற்றது அவரை உறுத்தவில்லை. வெள்ளை அணியின் வரிசைகள் மேலிருந்து கீழ்வரை பளிச்சென்று இருந்தன. பச்சையில் பதினொன்றாம் வரிசைக்கு எதிரே எட்டுக் கூடை, மூன்று ஃப்ரீ த்ரோ, பத்தொன்பது புள்ளி. யாருடைய பத்தொன்பது?

இருவரையும் கூப்பிட்டார்.

"நீ எத்தினி கூடை போட்ட?"

"ஆறு" என்றான் உத்தமன்.

"நீ?"

"நாலு, அண்ணாத்தே" என்றான் ஆனந்தன். "கொறைச்சுத்தான் சொல்றேன்."

"உழுந்ததே எட்டு. மீதி ரெண்டை எங்க, ஏரிலயா போட்டீங்க?"

அணியின் பயிற்சியாளர், ஃபவுண்டரி ஃபோர்மேன் கஜபதி, தோளில் துண்டோடு வந்தார். "இன்னாத்துக்கு நைனா கோவப்படற? ஆள மாத்துனேன், பனியன் இல்ல. அம்மணமாவா எறக்கி உடுறது?"

"எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லிக்கீலாம்ல?"

"நீ எதுர்லதானே குந்திகினு இருந்த. கண்ணு எங்க போச்சு?"

பத்தடி தூரத்தில் கறுத்துக் குட்டையான உத்தமனும் சிவந்து ஒல்லியான ஆனந்தனும் மாறி மாறி ஓடியிருக்கிறார்கள். அவர் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார். இவர்கள்மேல் வந்த எரிச்சல் தம் பக்கமே திரும்பியது.

ஃப்ரீ த்ரோ மட்டும் பிரிந்தது. அப்போது ஆட்டம் நிற்கும்; அவர் கண் எண்ணை விட்டுப் பந்துக்குப் போகும், அப்போதும் முகத்துக்கு இல்லை. பந்தை முழங்கால்களுக்கு நடுவிலிருந்து வீசுகிறவன் உத்தமன் ஒருவன்தான். அப்படி விழுந்தவை இரண்டு. நெஞ்சிலிருந்து தள்ளியது ஒன்று. கூடைகள் எட்டும் பிரியவில்லை. கண்ணை மூடி யோசித்தாலும் பச்சைத் துணியில் தைத்த இரண்டு வெள்ளைக் கோடுகள்தான் தெரிந்தன.

வெளிநாட்டு அணியின் வேன் புறப்படத் தயாராகிவிட்டது. பக்தவத்சலம் வந்து தாளை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு நேரம்? உத்தமன் அஞ்சு, ஆனந்தன் மூணு. போட்டுக் குடுங்க. யார் வந்து கேக்கப் போறாங்க?"

"நான் பாக்கலியே சார்."

"பாத்ததா நினைச்சுக்கங்க. ரெண்டு பேர் பேரைச் சேத்து எழுதின ஷீட்டைக் காட்டி, இவரை மேசைக்குக் கூப்பிடுங்கன்னு நான் எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

அவர் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். ஐந்து, மூன்று. கணக்கு அழகாகக் கூடி வரும். கலியமூர்த்தி பென்சிலைத் தாளில் வைத்தும் விட்டார். ஐந்து என்று எழுதக் கை நகரவில்லை. பார்க்காமல் கிழித்த கோட்டின்மேல் ஒருவன் ரம்பத்தை வைத்தால் இரும்பு வீணாகும். டூல்ரூமில் ஊறிய பழக்கம் அது. இது வெறும் காகிதம்தானே என்று கைக்குச் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

கார்பனில் மூன்று தாளிலும் பதியும்படி நீல முனையை அழுத்தி எழுதினார். பதினொன்று: உத்தமன், ஆனந்தன். கூடை எட்டு, இருவருக்கும் சேர்த்து. ஃப்ரீ த்ரோ உத்தமன் இரண்டு, ஆனந்தன் ஒன்று. ஃபவுல் ஐந்து, இருவருக்கும் சேர்த்து. எண் மாற்றம் மேசைக்குத் தெரிவிக்கப்படவில்லை. அதன் கீழே இன்னொரு வரி: மேசையும் கவனிக்கவில்லை. பிறகு அதையே, அகராதியில் கற்ற ஆங்கிலத்தில். கடைசி எழுத்தில் நீலம் முறிந்தது.

பக்தவத்சலம் தமக்கான பிரதியை வாங்கி, படிக்காமலே நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

வெளிநாட்டு மேனேஜர் வேன் ஜன்னலிலிருந்து கையை நீட்டினார். கலியமூர்த்தி விரலில் ஒட்டிய நீலத்தை வேட்டியில் துடைத்து, மேல் தாளை ஓரத்தில் பிடித்து அந்தக் கையில் கொடுத்தார்.