பன்னிரண்டு கொடி

பினாங்கு சூலியா தெருவில் இருக்கும் நாகூர் ஆண்டவர் தர்காவில் கந்தூரித் திருவிழாக் கொடி ஏறிய நாளில் பிறந்ததால் அவனுக்கு அந்த ஆண்டவரின் பேரான ஷாகுல் ஹமீது என்றே பேர். பேர் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வயதையும் அப்படியே கொடியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். வருஷா வருஷம் கொடி ஏறி முடிந்ததும் அவன் உம்மா ஹாஜரா அவன் வாயில் ஒரு சிட்டிகை சீனியைப் போட்டு, "எட்டு கொடி முடிஞ்சிச்சு", "ஒம்பது கொடி முடிஞ்சிச்சு" என்று அக்கம்பக்கத்துக்கும் கேட்கும்படி சொல்லுவாள். பிறப்பைப் போய் எங்கேயாவது பதிய வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஊரே பார்க்க ஏறுகிற கொடி இருக்கும்போது காகிதம் எதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

அவன் வாப்பா மீரா சாகிப் தொங்காங் ஆள். தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பலிலிருந்து மூட்டைகளைக் கரைக்குக் கொண்டுவரும் அகலமான படகுதான் தொங்காங். இருபது வருஷம் அதில் மூட்டை தூக்கித் தூக்கி அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் மிஞ்சியிருந்தது. துறைமுகச் சரக்குக் கிட்டங்கி வாசலில், நிழலில், நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகும் மூட்டைகளை ஏட்டில் குறிக்கும் கிராணி ஒருவன் உண்டு. அந்த நாற்காலியில் தன் மகன் உட்கார வேண்டும். "அந்தக் கிராணிக்கு வேர்த்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லடா" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லுவார். கிராணி ஆக வேண்டுமானால் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும். ஊரில் ஓர் ஆங்கில உயர்பள்ளியில் வருஷக் கடைசியில் இங்கிலீஷ் பரீட்சை வைத்துப் பையன்களை எடுத்தார்கள். 1927-ஆம் வருஷம் டிசம்பர் ஐந்தாம் தேதி ஷாகுலும் போய் உட்காருவது என்று முடிவாயிற்று.

பழக்கிவிட்டவன் பக்கத்து வீட்டுச் சூசை. அதே பள்ளியில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவன், ஷாகுலின் வயதுக்காரன்தான். ஆனால் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டால் துரைக்கே பெரிய துரையாகிவிடுவான். கொல்லைக் கிணற்றடியில் பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி உட்காருவான். கையில் தென்னங்குச்சி. ஷாகுல் எதிரில் கையைக் கட்டி நிற்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் 'சார்' வர வேண்டும். வராவிட்டால் தகரத்தில் ஓர் அடி விழும். பேர் என்ன, வீடு எங்கே, அப்பாவுக்கு என்ன வேலை, மழை ஏன் பெய்கிறது, ஒரு வாரத்துக்கு எத்தனை நாள். பத்து மாதம் இந்தக் கச்சேரி நடந்தது. முதலில் குதிரைக்கும் கழுதைக்கும் வித்தியாசம் தெரியாமல் திண்டாடிய ஷாகுல், நவம்பரில் சூசை வாசித்துக்கொண்டுபோகும் பத்தியைக் காதால் கேட்டே பிழையில்லாமல் எழுதினான். சூசைக்கே லேசாகப் பொறாமை வந்தது. வந்ததைச் சொல்லியும் விட்டான்.

"ஹவ் ஓல்ட் ஆர் யூ?" என்று சூசை கேட்பான். வயது என்ன என்பதுதான் கேள்வி.

"ஐ ஆம் இலெவன் இயர்ஸ் ஓல்ட், சார்." பதினொன்று. அந்தப் பதிலில் ஷாகுல் ஒரு நாளும் தடுமாறியதில்லை.

நவம்பர் கடைசியில் கொடி ஏறியது. உம்மா சீனி போட்டாள். "பன்னெண்டு கொடி முடிஞ்சிச்சு! இனிமே ஆம்பளப் புள்ள!" என்று கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். ஷாகுல் நாக்கில் இனிப்போடு கொல்லைப் பக்கம் ஓடிச் சூசையிடம் சொன்னான். சூசையின் முகம் விழுந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சா? பன்னெண்டு முடிஞ்சவன எங்க ஸ்கூல்ல எடுக்க மாட்டாங்க லா! போன வருசம் ஒரு சீனப் பையன வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க."

மீரா சாகிபுக்கு இது சாயங்காலம் தெரிந்தது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

"பதினொண்ணுன்னு சொல்லு," என்றார்.

"பன்னெண்டு முடிஞ்சிருச்சே, வாப்பா."

"சீனி தின்னத மறந்துடு. இத்தனை நாளா என்ன சொல்லிப் பழகினியோ அதையே சொல்லிட்டு வா. தொரைக்கு என்ன, கொடியா தெரியும்?"

உம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஷாகுலுக்கு ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துகொள்ள வசதியாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவன் தொண்டையில் மீன் முள்ளாக மாட்டிக்கொண்டது. மற்றதெல்லாம் கடகடவென்று வரும். 'ஹவ் ஓல்ட்' என்று கேட்டதும் "ஐ ஆம்" என்பான். அதற்குமேல் நகராது. சூசை தகரத்தை அடித்து அடித்துப் பார்த்தான். பிறகு கெஞ்சினான்.

"ஒரே ஒரு வார்த்தைடா. சொல்லிட்டுப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்க."

"எங்களுக்கு அதெல்லாம் கிடையாதுடா," என்றான் ஷாகுல். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கந்தூரி முடியப் பதினாலு நாள் ஆகும். அதுவரை கொடி இறங்காது. குர்ஆன் ஓதப் போகும்போதும் வரும்போதும் தர்காவைத் தாண்டித்தான் போயாக வேண்டும். வேறு எந்தப் பொய்யாக இருந்தாலும் அவன் சொல்லியிருப்பான். எண்ணெய்க் குப்பியைப் பூனை தட்டிவிட்டது என்று போன மாதம்தான் சொன்னான். இது ஆண்டவர் கொடியைப் பற்றிய பொய். தலைக்கு மேலே அது பறந்துகொண்டிருக்கும்போது, ஏறவில்லை என்று சொல்ல வேண்டும். அவன் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ச்சாரியில் நடந்தான். பொய் சொன்னால் தர்கா, சொல்லாவிட்டால் தொங்காங்.

டிசம்பர் ஐந்தாம் தேதி காலையில் மீரா சாகிப் வேலைக்குப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவனைக் கூட்டிப்போனார். பையன்களை மட்டும் உள்ளே விட்டார்கள். அவர் பள்ளி வாசலில் மரத்தடியில் நின்றுகொண்டார். "பழகினதச் சொல்லு," என்றார்.

சொல்வதை எழுதும் பரீட்சையில் நாற்பது பையன்களில் ஷாகுல் மூன்றாவதாக வந்தான். பிறகு ஒவ்வொருவராகத் தலைமையாசிரியர் அறைக்குள் கூப்பிட்டார்கள். வெளுத்த புருவமும் சிவந்த கழுத்துமாக இருந்த அந்தத் துரை ஒரு புத்தகத்தை நடுவில் திறந்து நீட்டினார். ஷாகுல் படித்தான். இன்னொரு பக்கம் திருப்பினார். அதையும் படித்தான். துரை அவன் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், முகம் கொஞ்சம் மலர்ந்தது. பேர் கேட்டார், வீடு கேட்டார், வாப்பாவின் வேலை கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் 'சார்' வந்து விழுந்தது. சூசை பார்த்திருந்தால் தகரத்தைவிட்டு இறங்கிக் குதித்திருப்பான். துரை பேனாவை மையில் தோய்த்துப் பதிவேட்டில் அவன் பேரை எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், கேட்டார்.

"ஹவ் ஓல்ட் ஆர் யூ?"

ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் வாப்பாவின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. ஷாகுல் வாயைத் திறந்தான். "ஐ ஆம்," என்றான். பேனா காத்துக்கொண்டு நின்றது.

"ட்வெல்வ், சார்."

துரை நிமிர்ந்தார். பன்னிரண்டு முடிந்துவிட்டதா, இல்லை நடக்கிறதா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றான். யார் சொன்னது என்று கேட்டார். உம்மா என்றான். அவருக்கு அவனை விட மனசில்லை என்பது அவர் கேட்ட அடுத்த கேள்வியிலேயே தெரிந்தது. எந்த மாதம் பிறந்தாய் என்றார். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை பன்னிரண்டு மாதங்களையும் சூசை மனப்பாடம் செய்ய வைத்திருந்தான். அதில் எது தன்னுடையது என்று ஷாகுலுக்குத் தெரியாது. ஒருவரும் அவனுக்குச் சொன்னதில்லை.

"ஃப்ளாக் மந்த், சார்," என்றான். கொடி மாதம்.

துரைக்கு அது விளங்கவில்லை. இன்னொரு தடவை கேட்டார். ஷாகுல் அதையே சொன்னான். அவர் பேனாவைத் துடைத்துக் கீழே வைத்தார். நல்ல பையன் என்றார், இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது என்றார், விதி விதிதான் என்றார். எல்லாமே அவனுக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மரத்தடியில் மீரா சாகிப் அவன் முகத்தைப் பார்த்தார். "என்ன சொன்னே?"

"பன்னெண்டு."

அடி விழும் என்று ஷாகுல் தோளைக் குறுக்கிக்கொண்டான். அடி விழவில்லை. "சரி, வா," என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. மறுநாள் காலையில் அவனைத் தொங்காங்குக்குக் கூட்டிப்போனார்.

மூன்று வருஷம் ஷாகுல் மூட்டைக்குத் தோள் கொடுத்தான். நாற்காலியில் வேர்க்காமல் உட்கார்ந்திருந்த கிராணியைத் தினமும் தாண்டிப் போனான். பிறகு சூசைதான் ஓடிவந்து சொன்னான்: ஓர் அச்சகத்தில் இங்கிலீஷ் எழுத்தும் தமிழ் எழுத்தும் தெரிந்த ஆள் வேண்டுமாம். தகரத்தடியில் படித்த படிப்பு அதற்காவது உதவியது. ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கும் வேலையில் ஷாகுல் சேர்ந்தான். கெட்டிக்காரன் என்று பேரும் வாங்கினான்.

1934 அக்டோபரில் அடுத்த வருஷத்துச் சுவர்க் காலண்டர் அடுக்கும் வேலை முதல் தடவையாக அவன் கைக்கு வந்தது. கட்டத்தில் பெரிதாக இங்கிலீஷ் தேதி, அதன் மூலையில் சின்னதாக முஸ்லிம் மாதப் பிறைக் கணக்கு. மாதிரிக்காகப் போன வருஷம் அடித்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுக்கினான். கொடி ஏறும் நாளுக்கு வந்தபோது கை நின்றது. அந்தத் தாளில் இருந்த இடத்தைவிடப் பதினொரு நாள் முன்னாலேயே அது வந்துவிட்டது. எழுத்தை மாற்றி அடுக்கிவிட்டோம் என்று பயந்து மறுபடி எண்ணினான். சரியாகத்தான் இருந்தது. பிறை வருஷம் இங்கிலீஷ் வருஷத்தைவிடப் பதினொரு நாள் குறைவு.

அந்த அச்சகத்தில் அடித்த காலண்டர் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி பரணில் கட்டி வைத்திருந்தார்கள். மத்தியான இடைவேளையில் ஏறிக் கட்டை அவிழ்த்தான். 1927: கொடி நவம்பர் கடைசியில். அதற்கு முந்தின வருஷம் டிசம்பர். அப்படியே பின்னால் போகப் போகக் கொடி ஜனவரிக்கு நகர்ந்தது, பிப்ரவரிக்கு நகர்ந்தது, மார்ச்சுக்கு வந்தது. விரல் விட்டு எண்ணிப் பன்னிரண்டு கொடி பின்னால் போய், தான் பிறந்த கொடியில் வந்து நின்றான். ஏப்ரல், 1916.

ஏப்ரலிலிருந்து டிசம்பர் ஐந்து வரை எண்ணினான். பதினொரு வருஷமும் எட்டு மாதமும். துரையின் பதிவேட்டுக்கு வேண்டிய வயது அதுதான். ஏப்ரல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் அன்றைக்கே எழுதிக்கொண்டிருப்பார். ஷாகுலுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். தாள்களையெல்லாம் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. பொய்யென்று நினைத்து எதற்காக ஒன்பது நாள் செத்துப் பிழைத்தானோ, அது பொய்யே இல்லை. ஏப்ரல் தாளை மட்டும் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினான்.

மீரா சாகிப் அப்போது வேலைக்குப் போவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாரம் சரிந்து விழுந்ததில் இடுப்பு போய்விட்டது. ஜன்னலோரம் பாயில் சாய்ந்திருந்தார். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஷாகுல் வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் தாளை விரித்துவிட்டான். விரலை வைத்துக் காட்டிச் சொன்னான். அவருக்கு விளங்க நேரமாயிற்று. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப, பதினொண்ணுதானா?"

"ஆமா, வாப்பா. அவங்க கணக்குக்குப் பதினொண்ணுதான்."

மீரா சாகிப் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். திட்டப்போகிறார் என்று ஷாகுல் நினைத்தான். ஏழு வருஷம் பாக்கி இருந்த திட்டு. அவர் கையை எடுத்தபோது தாடியெல்லாம் நனைந்திருந்தது.

"பெத்த புள்ளையப் பொய் சொல்லச் சொன்னேனே, அதுக்குத்தான் அல்லா அந்த நாற்காலியப் பறிச்சிட்டான்னு இருந்தேன்டா. ஏழு கொடிக்கும் தர்கா வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டிருக்கேன். இந்த இடுப்பு போனதும் அதனாலதான்னு நெனச்சேன்."

பள்ளிக்கூடம் கைநழுவிப் போனதை இத்தனை வருஷமும் தான் மட்டுமே தனியாகச் சுமப்பதாக அவன் நினைத்திருந்தான். வாப்பாவின் காலடியில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்குச் சொல்லச் சொன்னேனே, அத ஒரு தடவ சொல்லுடா. கேக்கணும்," என்றார் மீரா சாகிப். "நின்னு சொல்லு."

மீசை முளைத்து, விரலெல்லாம் அச்சு மை ஏறிய பதினெட்டு வயது ஆள் எழுந்து நின்றான். சூசை சொல்லிக்கொடுத்தபடி கையைக் கட்டிக்கொண்டான். தொண்டையில் எதுவும் மாட்டவில்லை.

"ஐ ஆம் இலெவன் இயர்ஸ் ஓல்ட், சார்."